ஃபார்மில் இல்லாத மூன்றாவது கட்டம்

இடுப்புவலி என்று வருகிறவரைக் குணமாக்கிவிடலாம். அவர் கையில் கொண்டுவரும் தாளைக் குணமாக்கத்தான் நம் டாக்டர் படிப்பில் வழியில்லை. மராத்தி பேசும் கசார்வாடியில் கிளினிக் வைத்திருக்கும் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

படம் எங்கே?

செல்வராஜ் பக்கத்துப் பட்டறையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரும்புச் சாமான் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இல்லை, காலில் மரமரப்பு இல்லை, சிறுநீர் போவதில் தொந்தரவு இல்லை. எல்லாம் சோதித்துவிட்டு, "எக்ஸ்ரே வேண்டாம். படுத்தே கிடக்காதீங்க, நடமாடுங்க. ரெண்டு வாரம் கனம் தூக்காதீங்க, சரியாயிடும்" என்றேன். கூட வந்த மனைவிக்கு முகம் கடுத்துவிட்டது.

"ஒரு படம்கூட எடுக்காம அனுப்பறதுக்கா டாக்டரம்மா ஒரு மணி நேரம் உக்கார வெச்சீங்க?"

ரெண்டே கட்டம்

மறுநாள் செல்வராஜ் பட்டறை ஃபார்மோடு வந்தார். அதில் ரெண்டே கட்டம்: 'வேலைக்குத் தகுதி', 'முழு ஓய்வு'. தகுதி என்றால் தூக்கியாக வேண்டும். ஓய்வு என்றால் அவர் இடத்தில் வேறு ஆள். நான் சொன்ன வைத்தியத்துக்குக் கட்டமே இல்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, 'வேலை செய்யலாம், தூக்கக்கூடாது' என்று எழுதி, சீலும் குத்தினேன்.

பட்டறை மேனேஜர் நம் தமிழ்க்காரர்தான். உடனே போன் செய்து, "ஹல்கா காம், லேசான வேலைலாம் இங்க கிடையாது மேடம்" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் செல்வராஜ் புது ஃபார்மை நீட்டி, தகுதி என்றே போடச் சொன்னார். முடியாது என்று கத்தினேன். அவர் ஃபார்மை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், வேறு டாக்டரிடம் போக.

"வலி ரெண்டு வாரத்துல போயிடும்னு நீங்களே சொன்னீங்க டாக்டரம்மா. வேலை போனா திரும்பி வராதே."

மேனேஜர் இடுப்பு

நாலாம் நாள் அந்த மேனேஜரே வந்தார். வீடு மாற்றுகிறாராம், பீரோவை நகர்த்தியதில் பிடித்துக்கொண்டதாம். கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தேன். அதே வலி, அதே வைத்தியம். வார்த்தை மாறாமல் அதையே சொன்னேன். "ஃபார்ம் கொண்டாந்தீங்களா?" என்றும் கேட்டேன். மனிதர் படுத்தபடியே சிரித்தார்.

"நமக்கெதுக்கு மேடம் ஃபார்ம்? மிச்ச சாமானைத் தூக்கத்தான் செல்வராஜை வரச் சொல்லியிருக்கேனே."

கட்டிலைவிட்டு இறங்க எல்லா நோயாளிக்கும் கை கொடுக்கிற நான், அன்றைக்கு மட்டும் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றால், இதே தொழிலில் வேகிற நீங்களாவது என்னை மன்னிப்பீர்கள்.