அங்கி ஓரத்தில் ஈயம்

அன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கடல் அங்கே இல்லை.

வேனிலிருந்து முதலில் குதித்து இறங்கியவள் நான்தான். சவுக்கு மரங்களைத் தாண்டி மணல் இருந்தது. மணலைத் தாண்டிச் சாம்பல் நிறச் சேறு இருந்தது. அந்தச் சேறு போய்க்கொண்டே இருந்தது. வெகு தூரத்தில் ஒரு கம்பி அளவுக்கு ஏதோ மினுங்கியது. அதுதான் கடல் என்றார்கள். நான்கு பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காக ஒரு சபையே இரண்டு வேன்களில் வந்து இறங்கியிருந்தது. முழுகுவதற்குத் தண்ணீர் இல்லை. அந்த நான்கு பேரில் ஒருவர் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சபை என்று நான் சொல்வது மலாக்காவின் பத்து பெரண்டாம் பகுதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் கூடிய முப்பது பேரை. வாரத்தில் ஆறு நாள் லாரி ஓட்டியவர்தான் ஏழாம் நாள் பாஸ்டர். மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்ட வசதியில்லாததால் கடலுக்கு வந்திருந்தார்கள். கடல் ஏறும் நேரம் பார்த்துச் சொல்லும் பொறுப்பு, சுங்கை ஊடாங்கில் எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் படகுத்துறையில் வேலை செய்த ஒரு பிரதரிடம் விடப்பட்டிருந்தது. அவரைவிடக் கடலை அறிந்தவர் சபையில் யாருமில்லை. அவர் பார்த்து வந்தது போன ஞாயிற்றுக்கிழமையின் நேரம். ஒரு வாரத்தில் ஏற்றமும் இறக்கமும் இடம் மாறிவிடும் என்பதை அவரே பிறகு எல்லோருக்கும் மிகத் தெளிவாக விளக்கினார்.

"என்ன பிரதர், கடல யாரு சுருட்டி எடுத்துக்கிட்டுப் போனது?" என்றார் பாஸ்டர்.

"வந்துரும் பாஸ்டர். அஞ்சு, அஞ்சரைக்குள்ள வந்துரும்லா."

மரத்தடியில் பலகாரக் கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாவும் அதையேதான் சொன்னார். ஆயேர் சூருட், தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, சாயங்காலம் தானாகத் திரும்பி வரும் என்றார். சபையார் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். விருந்துக்கென்று கொண்டுவந்த மீகூன் சேமியாவும் சார்டின் ரொட்டியும் ஞானஸ்நானத்துக்கு முன்பே காலியாகத் தொடங்கின.

அத்தை மட்டும் எதையும் தொடவில்லை. பாயின் ஓரத்தில் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்து, ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்திருந்த வசனத்தை உதட்டை மட்டும் அசைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டை ஆடியது. காற்று இல்லை.

அத்தையின் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய அவர், தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியே கடுகளவு சாமான்களைச் சோதித்துத் தரம் பிரிப்பவர், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டார். தலை முழுக வேண்டுமென்றால் குளியலறையில் முக்காலி போட்டுக் குனிந்து உட்காருவார். அம்மா பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். முகத்தில் ஒரு சொட்டு வழிந்தாலும் போதும், அம்மாவின் உடையைப் பற்றி இழுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். எங்களுக்கு அது வேடிக்கை. அத்தை பூனை ஜாதி என்று கேலி செய்வோம்.

அப்பாவுக்கும் அத்தைக்கும் இடையில் பிறந்த ஒரு தம்பி சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டதாக எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அது காய்ச்சல் இல்லை என்பது எனக்குத் திருமணமாகி வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தோட்டத்தில் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுக்கும் குட்டையில், அப்பாவும் அத்தையும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மூழ்கிப் போயிருக்கிறார். அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது, அத்தைக்கு ஏழு. இருவரும் ஒருவரோடு ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசியதில்லையாம். மலாக்காவில் பிறந்து, கடலில் கால் நனைக்காமலே வளர்ந்தோம் நாங்கள். அப்பா கூட்டிப் போக மாட்டார். ஏன் என்று கேட்டால், "அங்க என்னா இருக்கு, தண்ணிதான இருக்கு" என்பார்.

அத்தை சபைக்குப் போவது அப்பாவுக்குத் தெரியும். "போறதுன்னா போ. வீட்டுக்குள்ள கொண்டாராத" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஆனால் முழுகப் போவது தெரியாது. தோழியின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று சொல்லித்தான் என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். ஏற்கெனவே மூன்று தடவை பெயர் கொடுத்து மூன்று தடவையும் பின்வாங்கியவர். இந்த முறை நான் கூட இருந்தால் ஓடி வந்துவிட மாட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா என் காதில், "அத்தைய விட்டு நகராத" என்று சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான்கு மணியளவில் பாஸ்டர் எல்லோரையும் எழுப்பி ஜெபம் செய்யச் சொன்னார். தண்ணீர் சீக்கிரம் வரவேண்டும் என்று முப்பது பேரும் கண்களை மூடிக் கைகளை உயர்த்திக் கேட்டார்கள். அத்தைக்காக, தண்ணீர் வரவே கூடாது என்று நான் கேட்டேன். முதலில் முருகனிடம் கேட்டேன். பிறகு, இடம் அவருடையது என்பதால், இயேசுவிடமும் கேட்டு வைத்தேன். முப்பது பேருக்கு எதிராக நான் ஒருத்தி. கண்ணைத் திறந்தபோது அந்தக் கம்பி கொஞ்சம் தடித்திருந்தது. யார் என்னைக் கைவிட்டார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

ஐந்து மணிக்கு அங்கிகளை எடுத்துக் கொடுத்தார்கள். பாஸ்டரின் மனைவியே தைத்த நீளமான வெள்ளை அங்கிகள். அத்தையின் அங்கியை மடியில் வைத்திருக்கச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு அவர் கழிவறைப் பக்கம் போனார். விளிம்பை வருடிக்கொண்டிருந்த என் விரலுக்குள் கட்டியாக ஏதோ உருண்டது. அமுக்கிப் பார்த்தேன். ஒரு சாண் தள்ளி இன்னொன்று. சுற்றிலும் இருந்தன. தையல் விட்டிருந்த ஓரிடத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. ஈயக் குண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தூண்டில் கீழே இறங்குவதற்காக நூலில் கட்டுவாரே, அதேதான்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் அத்தையைத் தண்ணீருக்குள் இறக்கப் போகிறார்கள். மேலே வராமல் இருக்க ஈயம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அத்தை நடுங்குவது அதனால்தான்.

பலகாரக் கடைக்குப் பக்கத்தில் பொதுத் தொலைபேசி இருந்தது. ஐஸ்கிரீமுக்கென்று அத்தை தந்த காசைப் போட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, அத்தைய கடல்ல முக்கப் போறாங்க."

"என்னது?"

"சட்டையில ஈயம் வச்சித் தைச்சிருக்காங்கப்பா. மேல வராம இருக்க."

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எந்தக் கடலு?" என்றார். எதிரிலிருந்த அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி காசை விழுங்கிவிட்டுக் கொர்ரென்றது.

திரும்பி வந்தபோது அத்தை அங்கியை அணிந்திருந்தார். நான் பாஸ்டரின் மனைவியிடம் போய் விளிம்பைக் காட்டி, "இது எதுக்கு ஆண்ட்டி?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த குற்றச்சாட்டு அவருக்குக் கேட்கவில்லை.

"அதுவா? துணி மெதக்காம இருக்கடி கண்ணு. தண்ணியில எறங்குனா குடை மாதிரி மேல தூக்கிக்கும். முப்பது பேரு பாக்க, நல்லாவா இருக்கும்?"

அத்தையின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அத்த, நான் அப்பாக்கு போன் பண்ணிட்டேன்."

"என்னான்னு?"

"உங்கள முக்கப் போறாங்கன்னு."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வானத்தைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார். "மோட்டர்சைக்கிள்ல வந்தா முக்கா மணி நேரம்," என்றார், தனக்குத்தானே. "அண்ணன் வந்து கரையில நின்னாருன்னா என்னால முடியாது. அவரு மொகத்தப் பாத்தாலே திரும்பிருவேன்."

அதுவரை கடைசி ஆளாக இறங்குவதாகச் சொல்லி வைத்திருந்தவர், நேராகப் பாஸ்டரிடம் போனார்.

"பாஸ்டர், நான் மொதல்ல எறங்குறேன். இப்பவே."

"தண்ணி இன்னும் பக்கத்துல வரல சிஸ்டர்."

"அது வரலன்னா நாம போவோம்."

சேற்றில் கால் புதையப் புதைய எல்லோரும் கடலை நோக்கி நடந்தோம். கணுக்கால், முழங்கால் என்று தண்ணீர் ஏறியது. பாஸ்டரின் மனைவி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அத்தைக்கு இடுப்பளவு வந்ததும் பாஸ்டர் நின்றார். ஒரு கையை முதுகில் கொடுத்து, மறு கையால் கைக்குட்டை வைத்து அத்தையின் மூக்கைப் பிடித்தார். பாட்டு தொடங்கியது. அத்தை சாய்ந்தார். பாதி சாய்ந்ததும் பாஸ்டரின் சட்டையை இரண்டு கைகளாலும் பற்றி எழுந்துவிட்டார். பொத்தான் ஒன்று தெறித்தது. மறுபடியும் சாய்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

"சிஸ்டர், பயம் போறதுக்கு ஒரு ஜெபம் பண்ணிக்குவோமா?"

"வேணாம் பாஸ்டர்." அத்தைக்குப் பல் கிட்டியது. "மூணு மாசமா பண்ணியாச்சி. அது போவல. அதோடயே எறங்குறேன்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுவதுபோல் சொன்னார்: "இயேசப்பா, நீங்க மொதல்ல முழுவுங்க. நான் பின்னாலயே வரேன்."

கடவுளைத் தண்ணீரில் முழுகச் சொல்லலாமா, அவர் முழுகினால் இவரை யார் தூக்குவார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தையைக் காணோம். வெள்ளைத் துணி ஒரு கணம் பழுப்புத் தண்ணீருக்குள் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு.

இப்போது என் மகள் வாரம் இரண்டு நாள் ஆயர் குரோவில் உள்ள குளத்தில் நீச்சல் பழகுகிறாள். மற்ற அம்மாக்கள் கைப்பேசியில் இருப்பார்கள். நான் அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலை உள்ளே போகும்போதெல்லாம் எண்ணுகிறேன். வெளியே வந்தபிறகும் எண்ணிக்கை நிற்பதில்லை. பயப்படாதே என்று எனக்குச் சொல்கிறவர்கள் உண்டு. பயத்தோடேயே இறங்குவது எப்படி என்று கேட்டால் மறுபடியும் பயப்படாதே என்கிறார்கள். நான் கோயிலுக்கும் போகிறேன், தனியாக இருக்கும்போது அத்தை சொன்ன அந்த வார்த்தைகளையும் சொல்லிப் பார்க்கிறேன். எது யாரைச் சேர்கிறது என்று தெரியவில்லை.

மூன்று என்று எண்ணும்போது அத்தை மேலே வந்தார். முகத்தில் முடி அப்பிக்கிடக்க, வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிக்கொண்டு, விழுந்து விழுந்து இருமினார். நடுக்கம் நிற்கவில்லை, முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், யாருக்கு என்று தெரியாமல்.

அப்போதுதான் கரைப்பக்கமிருந்து யாரோ சேற்றில் ஓடி வருவதைப் பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா. வீட்டில் உடுத்தியிருந்த கைலி, பனியன், தலையில் கழற்றாத ஹெல்மெட். தண்ணீர் தொடங்கிய இடத்தில் ஒரு தடவை நின்றார். பிறகு உள்ளே நடந்தார். அப்பா தண்ணீரில் நடந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். என்னைச் சுற்றி நின்றவர்கள், "ஆண்டவரே, சண்ட வேணாம்" என்று முணுமுணுத்தார்கள்.

"வாங்கய்யா," என்றார் பாஸ்டர், பொத்தான் போன சட்டையை இழுத்து மூடியபடி. அப்பா அவரைப் பார்க்கவில்லை. அத்தைக்கு இரண்டடி தள்ளி நின்று, அந்த நனைந்த முகத்தையே பார்த்தார். கையைத் தூக்கினார். அறையப் போகிறார் என்று நினைத்தேன். கை பாதியில் நின்றது.

"உள்ள இருந்தப்ப," என்றார். மூச்சு வாங்கியது. "வலிச்சிச்சாம்மா?"

குட்டையைப் பற்றி அப்போது அறியாத நான், பாஸ்டர் மூக்கைப் பிடித்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வரவழைத்தவள் நான்தானே, சமாதானம் சொல்வது என் பொறுப்பு. இடுப்பிலிருந்தபடியே சத்தமாகச் சொன்னேன்:

"வலிக்காதுப்பா, கைக்குட்ட வச்சித்தான் பிடிச்சாரு!"

அத்தை எட்டி அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொல்லும்மா," என்றார். "வலிச்சிச்சா?"