சிரட்டையில் ஊற்றிய திருவிருந்து

நடந்தவை, வரிசையாக:

1. மிஷன் ஆஸ்பத்திரியில் ஊசிகளை வேகவைக்கும் சட்டியின் மூடி என் இடது முன்கையில் பட்டது. தோல் கொப்பளித்தது, எனக்குச் சுடவில்லை.
2. அந்த இடத்தில் வெளிறிய தேமல் இருந்தது. வெயிலால் வந்தது என்று விட்டிருந்தேன்.
3. டாக்டர் என் கண்ணைக் கட்டி, பஞ்சு நுனியால் தொட்டார். ஏழு முறை தொட்டதில் மூன்றை நான் உணரவேயில்லை.
4. குஷ்டம் (தோலையும் நரம்பையும் மரத்துப்போகச் செய்யும் நோய்).

நான் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் கம்பவுண்டர்.

"பயப்படாத. இது பிறத்தியாருக்குத் தொத்தாத வகை" என்றார் டாக்டர். "வாராவாரம் நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடணும். ராகேலுக்கும் இதே வகைதான்."

ராகேல் சேரியிலிருந்து நடவுக்குப் போகிறவள், எங்கள் சபையைச் சேர்ந்தவள். அவளுக்கு இரண்டு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எந்த வகை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவளுக்குத் திருவிருந்தில் தனிப் பாத்திரம் வைப்பது நல்லது என்று, சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கனாரிடம் சொன்னது நான்தான். சுத்தத்தைப் பற்றித்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் தேங்காய்ச் சிரட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். கோயிலுக்கு வெளியே, அவள் உட்கார வேப்பமரத்தடியையும்.

அன்றுமுதல் மற்ற எல்லாரும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சரசம் பருகினோம். ராகேலுக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள்.

அம்மா என் தேமலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கை நீளச் சட்டை தச்சுப் போடு மக்கா. யாருட்டயும் சொல்லாத."

சட்டை தைத்தேன். போட்டும் பார்த்தேன். நன்றாகவே மறைத்தது.

ஊசி தேமலின் ஓரத்தில் சுற்றிச் சுற்றிப் போடப்படும். எண்ணெய் கெட்டியானது, இரண்டு நாள் வலிக்கும். அந்த வலியோடு படுத்திருக்கையில், வேதத்தில் ஆண்டவர் குஷ்டரோகியைச் சந்தித்ததை என் பழக்கப்படி வரிசைப்படுத்தினேன். கையை நீட்டினார். தொட்டார். பேசினார். பிறகுதான் அவன் குணமானான். தொடுதல் முதலில் வருகிறது. சிறுவயதிலிருந்து கேட்ட பகுதி. வரிசையை அன்றுதான் கவனித்தேன். யாருக்காகவும் அதை மாற்ற எனக்கு உரிமையில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு போய் ராகேலின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிரட்டைக்கு நானே காரணம் என்பதையும்.

அவள் என் கையை வெகுநேரம் பார்த்தாள். "இங்க சிரட்டை ஒண்ணுதான் கெடக்கு. வெள்ளிக் கிண்ணத்துல குடிச்ச வாய்க்கு நார் குத்துமே, பரவால்லியா?"

டீக்கனார் வெளியே வந்தார். தேமலைக் காட்டி, எனக்கும் ராகேலின் நோய்தான் என்றேன். "நீ உள்ள வா பிள்ளே. நீ நம்ம வீட்டுப் பிள்ளையில்லா?"

"அப்போ ராகேல் யாரு வீட்டுப் பிள்ளை?"

தேமல் ஒன்று, வகை ஒன்று, ஊசி ஒன்று. எனக்குக் கிண்ணம், அவளுக்குச் சிரட்டை. நோய்க்குப் பயந்திருந்தால்கூட மன்னிக்கலாம். அவர்கள் நோய்க்குப் பயப்படவில்லை. உள்ளே நின்ற போதகர் காதில் விழும்படி சொன்னேன்: "கிண்ணம் இங்க வரட்டும். இல்லேன்னா எனக்கும் வேண்டாம்."

போதகர் கிண்ணத்தோடு வாசல்வரை வந்தார். நின்றார். திரும்பிவிட்டார்.

இதே தேமல் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டதை உரக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் மாதங்களை எண்ணுவதில்லை, ஊசிகளை எண்ணுகிறேன். தேமலின் ஓரத்தில் பெருவிரல் நகத்தளவு இடத்தில் பஞ்சு படுவது தெரிகிறது. உடம்பில் வேறெந்த இடத்தையும் நான் இவ்வளவு அறிந்ததில்லை.

இன்றைய நிலை: முப்பத்தொரு ஊசி முடிந்தது. ராகேலும் நானும் மரத்தடியில் உட்காருகிறோம். சிரட்டையை அவள் அடுப்பில் போட்டுவிட்டாள். கிண்ணம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.