ஒரு நாள் முந்திய பிறை

சவூதியில் வேலை பார்ப்பவன் விடுமுறைக்கு ஊர் வந்தால், ரீ-என்ட்ரி விசாவில் போட்டிருக்கும் தேதிக்குள் திரும்பிப் போய் அந்த மண்ணில் கால் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் வேலை போய்விடும், மூன்று வருடம் உள்ளே நுழைய முடியாது என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மூன்று வருடம் கழித்து என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆங்கில எழுத்தைக் கண்டால் கண் தானாக விலகிவிடும். ஆனால் மதரஸாவில் ஓதியதால் அரபி எழுத்து தெரியும், எண்ணும் தெரியும். விசாத் தாளில் ஆங்கிலத்தில் ஒரு தேதியும் அரபியில் ஒரு தேதியும் இருந்தன. அரபியில் ரஜப் மாதம் பத்து. ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய பள்ளிவாசல் காலண்டரில் ரஜப் பத்து, புதன்கிழமை. யாரிடமும் போய் நிற்காமல் நானே பார்த்துக்கொண்டதில் கொஞ்சம் பெருமைகூட. செவ்வாய்க்கிழமை மகள் வழியனுப்ப வருவதாக இருந்தாள். அவளோடு இருந்துவிட்டு, புதன் விடியலில் ரியாத் போய்ச் சேரும் திருச்சி விமானத்துக்குச் சொல்லிவைத்தேன்.

திங்கட்கிழமை காலை டிக்கெட் வாங்க அறந்தாங்கி போனேன். டிராவல்ஸ் கடையில் இருந்த பெண் விசாத் தாளையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"அண்ணே, விசா நாளையோட முடியுதே? நீங்க புதன்கிழமைதானே எறங்குறீங்க?"

"இல்லம்மா. ரஜப் பத்து. புதன்தான்."

"இங்கிலீசுத் தேதி செவ்வாய்க்கிழமைன்னு காட்டுது."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அங்கே பிறை ஒரு நாள் முந்தி, மாதமும் ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிடும். ஆறு வருடமாக நான் அங்கே பெருநாள் தொழுதுவிட்டுப் போன் போடும்போது, வீட்டில் எல்லோரும் நோன்போடுதான் இருப்பார்கள். "ஒங்களுக்குப் பெருநாள், எங்களுக்குப் பட்டினி" என்று என் மனைவி கேலி செய்வாள். அது தெரிந்தும் சவூதித் தாளை ஊர்க் காலண்டரில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"ரெண்டே வழிதாண்ணே. ஒங்க மொதலாளி நெனைச்சா மொபைல்லயே தேதிய நீட்டிரலாம். இல்லாட்டி நாளைக்குக் காலையில சென்னையிலேர்ந்து ஒரு பிளைட் இருக்கு, மஸ்கட்ல மாறணும். ராத்திரிக்குள்ள ரியாத். ரெண்டு சீட்டுதான் கெடக்கு."

என் முதலாளியை நாங்கள் கஃபீல் என்போம். அவருடைய தோட்டத்தில் பேரீச்ச மரங்களுக்கும் புல்லுக்கும் தண்ணீர் பாய்ச்சுவது என் வேலை. ஆறு வருடத்தில் அவரிடம் நானாகப் போய் ஏதும் கேட்டது இரண்டு தடவைதான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"மெசேஜா? அவரு கேக்குறதுக்குள்ள விசா முடிஞ்சுரும். பேசுங்கண்ணே, கடிக்கவா போறாரு?"

கடைக்கு வெளியே வந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு போன் போட்டேன். எனக்குத் தெரிந்த அரபியில் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு "இன்ஷா அல்லாஹ்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அவர் நல்ல மனிதர். அல்லாஹ் நாடினால் என்ற அந்த வார்த்தையைச் செய்ய நினைத்துத்தான் சொல்வார். தோட்டத்து மோட்டார் பழுதானபோது அப்படித்தான் சொன்னார். அன்று மாலையே ஆள் வந்தது. என் அறையின் ஏசி நின்றபோதும் அதையேதான் சொன்னார். அதன் பிறகு இரண்டு கோடை போய்விட்டது.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"அல்லாஹ் பேரச் சொல்லிட்டாருல்ல. பொறவு என்னங்க பயம்? மக நாளைக்கு வாரா."

"ஏசிக்கும் அப்புடித்தான் சொன்னாரு."

"அப்பக் கெளம்புங்க. நான் பெட்டியக் கட்டுறேன்."

சென்னை டிக்கெட்டைப் போடச் சொன்னேன். சாயங்காலம் பஸ் ஏறுமுன் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, விசாத் தேதி மாறவில்லை என்றது. மறுநாள் காலை சென்னை விமான நிலையத்திலிருந்து கேட்டேன். அப்போதும் மாறவில்லை. விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். மஸ்கட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, கதவு அடைக்கும் நேரத்தில் ஏறினேன்.

ரியாத்தில் இறங்கியபோது மணி ஒன்பது. எனக்கு முன்னால் இருநூறு பேராவது நின்றார்கள். பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும், அதற்குள் முத்திரை விழ வேண்டும். பத்து மணிக்கு எங்கள் வரிசையின் கவுண்டரை மூடிவிட்டுப் பக்கத்து வரிசைக்குப் போகச் சொன்னார்கள். எல்லோரும் பாய்ந்தார்கள். இடித்துக்கொண்டு போக எனக்கு வராது, கடைசியில் நின்றேன். முன்னால் நின்ற மலையாளியிடம் தாளைக் காட்டி, என்னை முன்னால் விடச் சொல்லிக் கேட்கலாமா என்று பல தடவை நினைத்தேன். வாய் எழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நகர்ந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு அதிகாரி என் பாஸ்போர்ட்டை வாங்கினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றுதான் கடைசி நாள் தெரியுமா என்று அரபியில் கேட்டார். தலையை ஆட்டினேன். விரலை வைக்கச் சொன்னார். முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

காலையில் கஃபீல் தோட்டத்துக்கு வந்தார். தண்ணீர்க் குழாயோடு நின்ற என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கை கொடுத்தார். பிறகு ஏதோ நினைவு வந்து நெற்றியில் தட்டிக்கொண்டார். என் தேதியை நீட்ட வேண்டுமே, இதோ இப்போதே செய்கிறேன் என்று பையிலிருந்து மொபைலை எடுத்தார். நான் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம், வந்துவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன்.

"மெய்யாலுமே அவரு நீட்டலையா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"நல்லதாப் போச்சு. அத்தா இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக்கூடாதான்னு மக நேத்துலேர்ந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்கா. இருங்க, அவகிட்டக் குடுக்குறேன். அவரு நீட்டலைங்கிறத நீங்களே சொல்லுங்க."