தவம் அண்ணையும் நான் தள்ளிவைத்த முதலாவது புத்தகமும்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. கைத்தொலைபேசியில் தவறிய அழைப்புகள் ஏழு. எல்லாம் மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து. எட்டாவதை எடுத்தேன். தவம் அண்ணைக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வயது முப்பத்தெட்டு. "ஆளை மாறிச் சொல்லுறியள்" என்று சினந்து துண்டித்தேன். ஆள் மாறவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மனைவி சுகந்தி அக்கா கேட்டார். "அவரைச் சாமியாக்கிப்போடாதை" என்றும் சொன்னார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் அவர் படகு எஞ்சின் திருத்துபவர், நான் குளிரறை பராமரிப்பவன். ஜப்பானில் ஒரு படகுத் தளத்துக்கு வேலைக்குப் போவது அவருடைய எண்ணம். அதற்கு ஆரம்பநிலை ஜப்பானிய மொழிச் சான்றிதழ் வேண்டும். நாற்பது தாண்டினால் தன்னை ஒருவனும் எடுக்கமாட்டான் என்று அவரே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். போன ஆவணியில் அவரும் நானும் வகுப்பு நண்பர்கள் நீங்கள் மூவருமாக ஐந்து பேர் சேர்ந்து, யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஓர் அறையில் ஞாயிறு தோறும் படிக்கக் கூடத் தொடங்கினோம். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். உயர்தரத்தில் கணிதம் படித்தவன், ஆங்கிலம் வாசிப்பான் என்பதே காரணம். அது நீங்கள் விட்ட பிழை.

எங்கள் ஊரில் பிள்ளை பாடப்புத்தகத்தைத் திறக்குமுன்பே கடந்தகால வினாத்தாளைத் திறக்கும். ரியூசனில் அப்படித்தான் வளர்ந்தோம். நானும் அதையே செய்தேன். பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் புத்தகத்தில் விடை இருக்கிறது என்று அட்டவணை போட்டேன். முதலாவது புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே இருந்தது, விளக்கம் வேறொரு தொகுதியில். தள்ளினேன். இரண்டாவது ஆங்கில எழுத்தில் ஜப்பானிய மொழி சொல்லித்தந்தது. தள்ளினேன். மூன்றாவது பல்கலைக்கழக மாணவர் விருந்துக்குப் போவது பற்றியே பேசியது. எங்களில் யார் விருந்துக்குப் போகிறோம்? கார்த்திகைக்குள் ஒன்பது புத்தகம் பார்த்தாகிவிட்டது. ஒரு பாடமும் படிக்கவில்லை.

"தம்பி, புத்தகம் முடிவாச்சோ?" என்று அண்ணை ஞாயிறு தோறும் கேட்பார். இன்னும் இரண்டு பார்க்கவேண்டும் என்பேன்.

"வள்ளத்தைக் கரையிலை வைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டா ஒழுக்குத் தெரியாதடா. இறக்கு. ஒழுகிற இடத்தை அடைப்பம்."

"இது வள்ளம் இல்லை அண்ணை."

"ஓம், வள்ளமெண்டா இவ்வளவுக்கு மீனோடை வந்திருப்பம்."

எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்கழிச் சோதனைக்கு ஒருவரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். சோதனை நடந்த ஞாயிறு அண்ணை வகுப்புக்கு வரவில்லை. கொழும்பில் கலியாணமாம். அட்டவணையை முடித்துக் காட்டிய நாளில் ஆள் இல்லையே என்று அடுத்த நாள் குளிரறை வாசலில் வைத்து ஏசினேன். "நல்ல சாப்பாடு" என்று மட்டும் சொன்னார்.

கலியாணம் இல்லை. செத்தவீடு முடிந்து நான்காம் நாள் சுகந்தி அக்கா சொன்னார். அண்ணை தனியே விண்ணப்பித்து, தனியே பஸ் ஏறிப் போய்ச் சோதனை எழுதியிருக்கிறார். படித்தது நான் தள்ளிய முதலாவது புத்தகம். போட்டோப் பிரதி எடுத்து, எஞ்சின் குளிரும் இடைவேளைகளில் இருபத்தொரு பாடம் முடித்திருக்கிறார். பெறுபேறு தை மாதக் கடைசியில் வந்தது. வாசிப்பில் தேறிவிட்டார். கேட்டலில் குறைந்தபட்சப் புள்ளி வரவில்லை. அதனால் சான்றிதழே இல்லை.

போட்டோப் பிரதியில் ஒலி வராது. ஒன்பது புத்தகங்களின் ஒலிக்கோப்புகளும் என் மடிக்கணினியில் கிடந்தன. கார்த்திகையில் ஒருநாள் அவர் கேட்டார், "அந்த முதல் புத்தகத்தின்ரை சத்தத்தை ஒருக்காத் தாவன்." தள்ளின புத்தகத்தின் ஒலி எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

அவர் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. சோதனைக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை பிடித்திருப்பேன், ஆனால் கொடுத்திருப்பேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா சுற்றிவளைக்கவில்லை. "நீ முகத்தைத் தூக்குவாயாம். பாஸ் பண்ணிப்போட்டுச் சொல்லுறன் எண்டவர்."

என்னைப் பொறுமையில்லாதவன் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையான அவசரம் அவரிடம்தான் இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் சினம். அவருடைய அவசரத்தில் கொஞ்சத்தை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதை வைத்து, வகுப்பில் மிஞ்சியிருக்கும் உங்கள் மூவருக்கும் சொல்வது:

1. இன்று மாலை முதலாவது புத்தகத்தின் ஒலிக்கோப்புகள் முழுவதையும் உங்களுக்கு அனுப்புவேன்.
2. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முதலாம் பாடம். வேறு புத்தகம் பற்றிக் கதைப்பவர் அறைக்கு வெளியே. நான் கதைத்தால் நானும்.
3. அடுத்த சோதனைக்கு நால்வர் பெயரையும் பதிவேன். ஆயத்தமா என்று கேட்கமாட்டேன்.
4. நான் சோதனையில் தவறினால், தவறிய அன்றே உங்களுக்குச் சொல்வேன். நீங்களும் எனக்குச் சொல்லுங்கள். முகத்தைத் தூக்கமாட்டேன்.