சாரைக்காக வெந்த கொய்யாக்கிளை

ஆண்டிமடத்துப் பஞ்சநாதனைப் போல் ஒரு பிள்ளையை எந்தத் தாயும் பெற்றதில்லை என்பது அவனுடைய அக்கா தனத்தின் தீர்மானம். யுத்தக் காலத்தில் ஊரே ரேஷன் நெல்லை எலி தின்கிறதென்று புலம்பியபோது, அவன் ஒரு சாரைப்பாம்பைக் கொண்டுவந்து வளர்த்தான். தாசில்தார் என்று பெயரும் வைத்தான். வந்த புதிதில் அது எலி பிடித்தது. வேளாவேளைக்குத் தவளை கொண்டுவந்து போடப் போட, பெயருக்கேற்றபடி படுத்தே கிடந்தது.

ஒரு நாள் தாசில்தார் உத்தரத்திலிருந்து நழுவி, குழம்பு கிண்டிக்கொண்டிருந்த பஞ்சநாதன் மனைவி குஞ்சம்மாளின் மடியில் விழுந்தார். அன்றே அவள் ஜெயங்கொண்டத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "அது பொட்டிக்குள்ள அடங்கிக் கெடந்தாத்தான் வருவேன்" என்று சொல்லியும் அனுப்பினாள்.

பஞ்சநாதன் மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டிக்குக் கம்பிவலை அடித்தான். தாசில்தாரோ வலையில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். ஏறிச் சுற்றிக்கொள்ள ஒரு கிளை இருந்தால் அடங்குவாரென்று கண்டுபிடித்தவனும் பஞ்சநாதன்தான்.

அக்காவும் தம்பியும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் மரம் பார்த்தார்கள். சுற்றிலும் முந்திரி, ஆனால் அதன் பால் மனுஷன் தோலையே கொப்பளிக்க வைத்துவிடும். கள்ளியும் எருக்கும் அதே குணம். கருவேலத்தில் முள். வேம்பில் வாடை. முருங்கை தாசில்தாரின் எடையைத் தாங்காது. கடைசியில் தனம் தன் கொல்லைக் கொய்யாவைக் காட்டினாள்.

"வழவழன்னு இருக்கும், பாலும் வடியாது. பூச்சி அரிக்காத கெளையாப் பாத்து வெட்டுடா."

அவன் கிளையை வெட்டி, பெயர்ந்து நின்ற பட்டையை மட்டும் உரித்து, கணுக்களைச் சீவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். தனம் கிளையைக் கன்னத்தில் உரசிப் பார்த்து, "இங்க பிசிறு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். உள்ளே ஒளிந்திருக்கும் எறும்பும் புழுவும் சாக, இனி வேகவைக்க வேண்டும். அவ்வளவு பெரிய கிளை எந்தப் பானையில் நுழையும்?

"நெல்லு அவிக்கிற அண்டா இருக்குல்ல?" என்றாள் தனம்.

கிளை வெந்தது. ஈரம் போகும்வரை வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள். உருளாதபடி முளையடித்துப் பெட்டிக்குள் நிறுத்தினான். தாசில்தார் ஏறினார், சுற்றினார், தலையைச் சாய்த்தார். ஜெயங்கொண்டத்துக்கு ஆள் போனது.

குஞ்சம்மாள் வந்து, கையில் மூட்டையோடு எட்டி நின்று பார்த்தாள். "பரவால்லியே, இந்த வூட்டுல ஒருத்தராவது ஒரு எடத்துல ஒழுங்கா இருக்காரு."

தனத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "சும்மாவா? கெளைய அண்டாவுல போட்டு வேக வெச்சானாக்கும் எந் தம்பி!"

"எந்த அண்டாவுல?"

பதிலுக்குக் காத்திராமல் குஞ்சம்மாள் அடுப்படிக்குள் போனாள். அவள் அப்பா சீராகக் கொடுத்த செம்பு அண்டா அது. விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருந்தது. இப்போது அந்தப் பெயர்மேல் கறுப்பாகப் பட்டைக் கறை.

"பாம்பு படுக்கிற கட்டைய, சோத்துக்கு நெல்லு அவிக்கிற அண்டாவுலயா? ஏன் அண்ணி, ஒங்க வூட்டு அண்டா என்ன ஓட்டையா?"

"அது புதுசும்மா" என்றாள் தனம்.

பஞ்சநாதன் பாம்பைப் பார்த்தான். பாம்பு அவனைப் பார்க்கவில்லை.

"தாசில்தார் உள்ள இருக்கட்டும், சொன்ன பேச்சு கேட்டுட்டாரு. எம் பேரு பளிச்சின்னு தெரியிற வரைக்கும் அண்டாவும் ஒங்க தம்பியும் வெளியில கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குஞ்சம்மாள் மூட்டையை இறக்கிவைத்தாள்.

பஞ்சநாதன் புளியும் சாம்பலுமாக வாசலில் உட்கார்ந்து தேய்த்தான். எதிர்வீட்டுக்காரன் பூமாலை அதைப் பார்த்துச் சிரித்தான். தனத்துக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்தடா சிரிக்கிற? அண்டா தேய்க்கிறதுல எந் தம்பிய அடிச்சிக்க இந்த வட்டாரத்துல ஒருத்தன் உண்டா?"