ஒரே விலங்கில் இரண்டு கைகள்

ஆடி மாதம் இருபத்திரண்டாம் தேதி, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை இல்லை, காற்று மட்டும் மண்ணை வாரி அடித்தது. காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம்வரை அறுநூற்று நாற்பது அடி எடுத்துவைத்து நடந்தேன். என் வலக்கையும் கட்டிங் மாஸ்டரின் இடக்கையும் ஒரே விலங்கில் இருந்தன. இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி; அவர் துணி வெட்டினார், நான் கணக்கு எழுதினேன். தெருக் கிணற்றில் சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கியதற்காகச் சாலையில் உட்கார்ந்தவர்கள் பதினொரு பேர். அதற்குமுன் கலெக்டருக்குக் கொடுத்த மனுவில் முதலில் கையெழுத்திட்ட எங்கள் இருவர்மேல் மட்டும் வழக்கு. பேக்கரி வாசலில் தெரிந்த முகங்கள் ஏழு. தோளில் கிடந்த துண்டை எடுத்து விலங்கை மூடினேன். மாஸ்டர் அதை இழுத்து மறுபடி என் தோளில் போட்டார். "எதுக்கு அண்ணாச்சி மூடுதிய? நாம என்ன களவாண்டா வாறோம்?" தெற்கத்திக் குரல், வீதி முழுக்கக் கேட்டது.

நான் முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மாஸ்டர் வழக்கை நடத்தி விடுதலையானார். அதோடும் விடவில்லை. காரணமில்லாமல் விலங்கு மாட்டியதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகப்போவதாக என் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"உங்க கையும் அதுலதான கெடந்துச்சு. ஒரு கையெழுத்துப் போடுங்க, சேந்தே கேப்போம்."

"வேண்டாமுங்க மாஸ்டர். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க குன்னத்தூருங்க, விசாரிச்சிட்டு இருக்கறாங்க."

டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் ஜாதகம் பொருந்தாமல் தட்டிப்போனது.

பல வருடம் இழுத்து, போன மாதம் தீர்ப்பு வந்தது. பதினான்கு பக்கம். குற்றம் சாட்டப்பட்டதாலேயே ஒரு மனிதன் கண்ணியத்தை இழந்துவிடுவதில்லை, அவனுக்கு விலங்கிட்டது உரிமை மீறல் என்று எழுதியிருக்கிறது. மாஸ்டர் பெயர் முப்பத்தோரு இடத்தில் வருகிறது. ஒன்பதாம் பக்கத்தில் நான் ஒருமுறை வருகிறேன், 'உடன் அழைத்துவரப்பட்ட மற்றொரு நபர்' என்று. டீக்கடையில் அவரைக் கண்டால் இப்போது நான்கு பேர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நல்ல மனிதர், நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அடுத்த வாய் டீ இறங்குவதற்குள் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கையைவிட அதிகமாக அந்தக் கைக்கு என்ன வலித்துவிட்டது?

மைசூர்பாகு டப்பாவோடு வீட்டுக்கும் வந்தார். "தீர்ப்பு நம்ம ரெண்டு பேருக்கும்தான் அண்ணாச்சி."

"எம் பேரு இல்லீங்களே."

"அதுக்குத்தான அன்னைக்கே கையெழுத்துக் கேட்டேன்" என்று சிரித்தார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இன்று காலை அதே சாலையில் நடந்தேன். வயதாகிவிட்டது, எழுநூற்றுப் பத்து அடி ஆகிறது. பேக்கரி வாசலில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருந்தும் வலக்கை தானாகத் துண்டுக்குள் போய்விட்டது. அவர் கையில் மாட்டியது தவறு என்று பதினான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கைக்கு எழுத்தில் இருப்பது ஒரே ஒரு ரசீது. குற்றத்தை ஒப்புக்கொண்ட வகையில் அபராதம், ரூபாய் ஐந்நூறு.