கயிறு படாத பிரதி

ஆவடி ரயில் நிலையப் புத்தகக் கடைக்கு மாதம் ஒருமுறை காமிக்ஸ் கட்டு வந்து இறங்கும். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிய, பதின்மூன்று பிரதிகள் கொண்ட சின்னக் கட்டு. மேலே உள்ள ஐந்தாறு பிரதிகளிலும் அடியில் உள்ள ஐந்தாறிலும் கயிறு அழுத்திய தடம் பள்ளமாக விழுந்திருக்கும். எனக்கு அது ஆகாது. நடுவிலிருந்து உருவ வேண்டும். உருவிய பிறகும் முதுகு நேராக இருக்கிறதா, இரண்டு கம்பிப் பின்களும் மடிப்பிலேயே இறங்கியிருக்கின்றனவா, அட்டையில் மை தீற்றியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். “பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்கம்மா” என்பார் கடைக்காரர்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது இருக்கும். ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில், செக்கிங் பிரிவில் வேலை. நாள் முழுக்கச் சட்டைகளைப் புரட்டி, தையல் ஓரிடத்தில் நழுவியிருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது.

சொந்த ஊர் விருதுநகர் பக்கம். சின்ன வயதில் அங்கே வாடகை நூல்நிலையத்தில்தான் சாகசக் கதைகள் படித்தேன். என் கைக்கு வந்தவற்றில் பாதிக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. கப்பல் தீப்பிடித்து எரியும், கதாநாயகன் பாய்மரத்தில் தொங்குவான், அதோடு சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கடைசிப் பக்கம் உள்ள ஒரு புதுப் புத்தகம் வாங்கினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பாலிதீன் தாளை வெட்டி, ஓரங்களை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் உறை செய்தேன். குவார்ட்டர்ஸ் வீட்டில் எங்களிடம் இருந்த ஒரே பீரோவின் கீழ்த்தட்டு முழுவதும் அவைதான். வேட்டிகளை வைக்க இடமில்லை என்று என் கணவர் முணுமுணுப்பார். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், உலோகத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் வேலை. “பொம்ம புக்குக்கு இருக்கற மரியாதை இந்த ஊட்ல எனக்கு இல்ல” என்பார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன்.

ஒரு மாதம் நான் போனபோது கட்டைப் பிரித்திருந்தார்கள். நடுவிலிருந்த நல்ல பிரதி போய்விட்டது. கடைக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நாற்பது வயதுக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, நகக்கண்ணில் கறுப்பு. கையிலிருந்த புத்தகத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்திருந்தார்.

“இன்னாமா, நடு புக்கு தேடிகினு கீறியா? அத்த நான் அப்பவே எட்த்துக்கினேன்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. தன்னைப் போலவே இன்னொரு பைத்தியத்தைப் பார்த்துவிட்ட சந்தோஷம். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரி ஷெட்டில் மெக்கானிக் என்றார். வீடு வெள்ளானூர். அன்றிலிருந்து நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். சனிக்கிழமைதோறும் அந்தக் கடை வாசலில் நின்று பேசுவோம். நடுப் பிரதியை ஒரு மாதம் அவர், ஒரு மாதம் நான் என்று எடுத்துக்கொள்வது என முடிவாயிற்று.

நான் ஆவடிக்கு வருவதற்கு முன்பு வெளியான கோடைச் சிறப்பிதழ் ஒன்று என்னிடம் இல்லை. தடித்த புத்தகம், முழுநீளக் கடற்கொள்ளையர் கதை. அது அவரிடம் இருந்தது. எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். “அது மட்டும் கேக்காத தங்கச்சி” என்பார். பதிலுக்கு அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. கையில் அடிபட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் வந்த இதழ். பனிமலையில் நடக்கும் துப்பறியும் கதை. படிக்க மட்டும் தருமாறு கேட்டார். யாருக்கும் தராதவள் அவருக்குத் தந்தேன்.

அடுத்த சனிக்கிழமையே செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். “பாத்துக்கோமா” என்று நீட்டினார். அவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அந்த வாரம் தொழிற்சாலையில் ஓவர்டைம். நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது.

வியாழக்கிழமை உறையில் போடலாம் என்று பிரித்தேன். நாற்பதாம் பக்கத்தின் ஓரத்தில், விரல் அகலத்துக்கு ஒரு கறை. தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. நடுவில் பழுப்பு. யாரோ துடைக்கப் பார்த்து இன்னும் பரப்பியிருந்தார்கள். கிரீஸ் என்று முடிவு செய்துவிட்டேன். வேறெதையும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை கடை வாசலில் அவரைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“கையைக் கழுவிட்டுப் படிக்கத் தெரியாதாண்ணே? கிரீஸ் கையோட தொடற பொருளா இது? உங்ககிட்ட குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

ரயிலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் “விடுங்கம்மா” என்றார். அண்ணன் புத்தகத்தைத் தொடவில்லை. குனிந்து அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

“இது என் கை இல்ல தங்கச்சி.”

“பின்ன யார் கை?”

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து கணவரிடம், அந்த ஆளை நன்றாகக் கேட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தார். “அந்த மெக்கானிக் குடுத்துட்டுப் போனாரும்மா. உங்க புக்குக்குப் பதிலாம்.” பிரித்தால், கோடைச் சிறப்பிதழ். அட்டையில் கடல் அப்படியே நீலமாக இருந்தது. முதுகில் ஒரு கீறல் இல்லை. பின்னில் துருப்பிடிக்கவில்லை.

அன்று நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படவில்லை. தப்பு செய்தவர் ஈடு கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ரயில் மேம்பாலப் படிகளில் ஓடாத குறையாக இறங்கி வீட்டுக்கு வந்து, புது உறை செய்து, அதை முதல் வரிசையில் வைத்தேன். தினமும் பீரோவைத் திறந்து பார்ப்பேன். பிரித்தால் முதுகு உடையும் என்று படிக்கவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. அதையும் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் மின்சாரம் நின்றுபோய் நானும் கணவரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய பிரஸ் ஷாப்பில் பித்தளைத் துண்டுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அன்று ஆள் பிடிபட்டுவிட்டான். அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“யார்னு நினைக்கற? எங்க சூப்பர்வைசரேதான். கூடவே தேடற மாதிரி தேடிகினு இருந்தான். உன் புக்குல அந்த டாக்டர் வரான் பாரு, மலை மேல, அவன மாதிரியே.”

“எந்த டாக்டர்?” என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். அந்த டாக்டர்தான் திருடன் என்பது கதையின் கடைசியில்தான் வரும். அது பனிமலைக் கதை.

“நீங்க எப்ப அதைப் படிச்சீங்க?”

கொஞ்ச நேரம் விசிறியால் காலில் கொசு தட்டினார். பிறகு சொன்னார். அந்த வாரம் அவருக்கு முதல் ஷிஃப்ட். மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் யாரும் இல்லை. மேஜைமேல் பேப்பர் கிடந்தது. படிக்கலாம் என்று பிரித்தால் உள்ளே புத்தகம். காலை இட்லி மீதி இருந்தது, பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கம் பார்க்கலாம் என்று ஆரம்பித்தது, விட முடியவில்லை. ஒரு துளி விழுந்தது. சட்டை நுனியால் துடைத்தார், பரவியது. அப்படியே சுற்றி வைத்துவிட்டார்.

“நான் அந்த மனுஷனைத் திட்டிட்டு வந்து சொன்னப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?”

“பயமா இருந்திச்சு” என்றார்.

கோபப்பட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர், ஒரு துளி எண்ணெய்க்காக என்னிடம் பயந்திருக்கிறார். அவரைவிட என்மேல்தான் எனக்கு அதிகமாக ஆற்றாமை வந்தது. இட்லிப் பொடிக்கும் கிரீஸுக்கும் வாசனையிலேயே வித்தியாசம் தெரியாதா? மோந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை கோடைச் சிறப்பிதழை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் போனேன். ஷெட் பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடையில் கேட்டதற்கு, பெங்களூர் ரோட்டில் நசரத்பேட்டைக்கு மாறிவிட்டார்கள் என்றார்கள். கணவரும் வருகிறேன் என்றார். வேண்டாம், திட்டியது நான் என்று சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். அங்கே இறங்கி இன்னொரு பஸ்.

அண்ணன் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. கூப்பிட்டதும் நகர்ந்து வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். என் கணவர், இட்லி, எண்ணெய் எல்லாவற்றையும். அழக் கூடாது என்று நினைத்தும் அழுதுவிட்டேன். புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்காமல் உள்ளே போனார். மண்ணெண்ணெயில் கை கழுவி, மரத்தூளில் தேய்த்து, சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, துடைத்துக்கொண்டு வந்துதான் வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“மன்னிச்சிருங்கண்ணே.”

“தப்புன்னு தெரிஞ்சதும் வந்துட்ட. செரி” என்றார். “ஆனா தங்கச்சி, நாலு பேரு முன்னால என் கைய சொல்லிட்ட. இந்தக் கைதான் எனக்கு சோறு போட்துகினு கீது. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி நான் சாப்டல. என் ஊட்ல ஆச்சோ இன்னாவோன்னுதான் அந்த புக்க குட்த்தேன்.”

“நான் என்ன செய்யணும்?”

“அங்கயே வந்து சொல்லு. வேற இன்னா கேக்கப் போறேன்?”

அடுத்த சனிக்கிழமை சொன்னேன். அன்று கடை வாசலில் முன்பு நின்ற ஆட்கள் யாரும் இல்லை. கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணன் தூணோரம் நின்றார். “அன்னைக்கு இவர் மேல பழி போட்டேன். கறை எங்க வீட்ல ஆனது. இவர் கை சுத்தம்” என்று உரக்கச் சொன்னேன். அதே நேரம் மின்சார ரயில் உள்ளே வந்தது. பாதி காதில் விழவில்லை போல. கூடை வைத்திருந்த ஒரு அம்மா “இன்னாவாம்?” என்று பக்கத்தில் கேட்டார். ரயில் போன பிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடைக்காரர் சில்லறையைக் கீழே வைத்துவிட்டு, “இப்ப கேட்டுச்சும்மா” என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பழையபடி உடனே ஆகிவிடவில்லை. பல மாதங்கள் அவர் என்னிடம் புத்தகம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த பொங்கல் விடுமுறையில்தான் அவரே, “ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க, அந்தக் கொள்ளக்காரன் கதைய உக்காந்து படிங்க” என்றார். என் கணவர் தயங்கித் தயங்கித்தான் வெள்ளானூருக்கு வந்தார். அண்ணனைப் பார்த்ததும், “தப்பு என்மேலதாங்க” என்று ஆரம்பித்தார். அண்ணன் அவரை முடிக்க விடவில்லை. “வா மச்சான், உக்காரு” என்றார். பாயின்மேல் வெளுத்த வேட்டியை விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்து, பக்கம் புரட்ட என்னிடம் ஒரு போஸ்ட் கார்டைக் கொடுத்தார். அவர் வீட்டில் பக்கத்தை விரலால் தொடுவதே இல்லையாம். கார்டின் நுனியால்தான் புரட்டுவாராம். இரண்டு மாதம் என் பீரோவில் கிடந்த கதையை அன்றுதான் முதல்முறை படித்தேன். என் தோளுக்கு மேலாக என் கணவரும் படித்தார். நான் வேகமாகப் புரட்டுகிறேன் என்று இரண்டு தடவை தடுத்தார்.

தொண்ணூறுகளில் காமிக்ஸ் மாதா மாதம் வருவது நின்றுபோயிற்று. கடைக்காரரும் வார இதழ்களோடு நிறுத்திக்கொண்டார். நாங்கள் வெள்ளானூருக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. சர்க்கரை நோயால் பார்வை மங்கி, அண்ணன் ஷெட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். அவர் மனைவி ஐந்தாவது வரை படித்தவர். வேலைகளை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, கட்டங்களுக்குள் இருக்கும் பேச்சை எழுத்துக் கூட்டி வாசிப்பார். கொள்ளைக்காரனுக்கு ஒரு குரல், கேப்டனுக்கு ஒரு குரல் வைப்பார்.

“எய்த்த அவ படிச்சுக்குவா. நீ படத்த சொல்லுமா” என்பார் அண்ணன் என்னிடம்.

நான் சொல்வேன். “ராத்திரிண்ணே. அலை பெருசா இருக்கு. தூரத்துல ஒரு கப்பல் வருது.”

“கப்பல் இல்ல, படகு” என்பார் அவர், கண்ணை மூடிக்கொண்டே. “அதுல மூணு பேரு. கடைசில கீறவன் கையில வெளக்கு. நல்லா பாரு.”

குனிந்து பார்ப்பேன். அவர் சொன்னபடியே இருக்கும்.